துப்பாக்கியும் ஒரு எவர்சில்வர் தட்டும்

போன வாரம் ரூம்மேட்டைக் கண்டபடி திட்டிட்டேன் மக்களே. அவன் செஞ்ச குற்றம், சாப்பிட்ட எவர்சில்வர் தட்டை சிங்க்ல 'டங்'குனு போட்டது. அவ்ளோதான்! அன்னிக்கு மத்தியானம் ப்ரொபசர் நாலு பேர் முன்னாடி என் ரிப்போர்ட்டைக் கிழிகிழின்னு கிழிச்சிருந்தார். அங்கே வாயே திறக்கல.

அவர் மேல இருந்த கோபம் இவன் மேல இறங்கிடுச்சு, சரி. ஆனா ஏன் தட்டு? கிரெடிட்டுக்காக எடுத்த சோஷியல் சைக்காலஜி பாடம்தான் இதை யோசிக்க வெச்சது.

1967-ல் வெளிவந்த ஆய்வு. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல பெர்கோவிட்ஸ், லெபேஜ்னு ரெண்டு பேர் பண்ணது. 100 மாணவர்கள், எல்லாரும் ஆண்கள். கூட வந்த ஆள் உங்க பதிலுக்கு மார்க்குக்குப் பதிலா கரண்ட் ஷாக் கொடுப்பார். நல்லா இருந்தா 1, மோசம்னா 7. (பதிலுக்கும் ஷாக்குக்கும் சம்பந்தமே கிடையாது, அது தனி அநியாயம்.) அப்புறம் உங்க முறை. அப்போ சிலர் பக்கத்து மேசையில ஒண்ணும் இருக்காது, சிலருக்கு பேட்மின்டன் மட்டை, சிலருக்கு ஷாட்கன்னும் ரிவால்வரும். 7 வாங்கினவங்கள்ல, துப்பாக்கி பக்கத்துல கிடந்தவங்கதான் அதிகமாத் திருப்பிக் கொடுத்தாங்க. 1 மட்டும் வாங்கினவங்களைத் துப்பாக்கி ஒண்ணும் பண்ணல.

பின்னாடி செஞ்ச எல்லா சோதனையிலும் இதே முடிவு வரல, அதையும் சொல்லிடணும். எனக்குப் பிடிச்சது 2005-ல் பார்த்தலோ குழு வெளியிட்டது. வேட்டைத் துப்பாக்கி படத்தைப் பார்த்தா, வேட்டைக்குப் போகாதவங்க மனசுல அடிதடி நினைப்பு வந்த அளவுக்கு, வேட்டைக்காரங்களுக்கு வரல. அவங்களுக்கு அது காடு, நண்பர்கள், லீவு நாள். ஆளைக் கொல்லுற ரகத் துப்பாக்கின்னா மட்டும் கதை வேற. ஆக, பொருள் ஒண்ணுதான், யார் எதோட சேர்த்துப் பழகினாங்கங்கிறதுல இருக்கு விஷயம்.

எங்க வீட்ல அப்பாவுக்குக் கோபம் வந்தா முதல்ல பறக்கிறது சாப்பாட்டுத் தட்டு. அந்த சத்தம் கேட்டதும் நானும் தங்கச்சியும் கொல்லைப்பக்கம் ஓடிடுவோம். ரூம்மேட் வீட்ல அதே சத்தத்துக்கு அர்த்தம், சாப்ட்டாச்சு.

ஒரு ஆளை வெச்சு இதை நிரூபிக்க முடியாதுதான். ஆனா ப்ரொபசர் திட்டாத எத்தனையோ நாள் அதே சிங்க், அதே தட்டு, அதே 'டங்'. பல்லைக் கடிச்சிருக்கேன், கத்தினதில்லை.

நேத்து ராத்திரி அவன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன், அப்பா கதை உட்பட. முழுசாக் கேட்டுட்டு, "சரிடா, இன்னிக்குப் பாத்திரம் நீ தேய்"னான்.

தேய்ச்சேன். மெதுவா. :-)