ஆன்லைன் சூது: பணம் போகும் வழியை அடைப்போம்



வட்டியில்லாக் கடன் கேட்டு வருபவர்களிடம் காரணம் கேட்பது நம் அறக்கட்டளையின் வழக்கம். மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம், வாடகை பாக்கி என்பார்கள். அண்மைக் காலமாகச் சில தாய்மார்கள் தயங்கித் தயங்கி வேறொன்றைச் சொல்கிறார்கள்: "பையன் போன்ல விளையாடித் தோத்துட்டான்." நகை அடகுக்குப் போன பிறகுதான் வீட்டுக்கே தெரிகிறது.

சூது ஹராம் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அல்மாயிதா அத்தியாயம் அதை மதுவோடு சேர்த்தே விலக்கியிருக்கிறது. ஆனால் சிக்கிக்கொண்டவனுக்கு இரவு ஒரு மணிக்கு அந்த நினைவு வருவதில்லை. பணம் உடனே கிடைக்காவிட்டால் மட்டுமே அப்போது கை நிற்கும்.

தமிழகத்தில் 2003-ல் லாட்டரி தடை செய்யப்பட்ட பிறகு, கோவைக்காரர் சீட்டு வாங்க வாளையாறு தாண்ட வேண்டியிருந்தது. பஸ் காசும் அரை நாளும் செலவு. அப்படியும் போனவர்கள் உண்டு. ஆனாலும் பலருக்கு அந்தத் தூரமே தடையாக இருந்தது. யுபிஐ வந்தபின் தூரமே இல்லை.

இதை மற்ற நாடுகளும் உணர்ந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், சூதாட்ட இயந்திரங்கள் உள்ள கிளப்புகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் ஏடிஎம்களை 2012-ல் அகற்றியது. பணம் எடுக்க வெளியே நடந்து போகும் சில நிமிடங்களில் புத்தி திரும்பலாம் என்பதே கணக்கு. பிரிட்டனில் 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டில் சூதாட முடியாது.

நம் மாநில அரசும் 2025 பிப்ரவரியில் விதிகள் கொண்டுவந்தது. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது. ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். பணத்துக்குத் தினசரி, வார, மாத வரம்பு வேண்டும். நிறுவனங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன. ஜூன் 3 அன்று சென்னை உயர்நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு படி மேலே போய், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கான பணப் பரிமாற்றத்தை வங்கிகள் செய்வதும் அதன்படி குற்றம். பெரிய செயலிகள் கடையை மூடின.

ஆனால் வெளிநாட்டிலிருந்து இயங்கும் பந்தயக் கும்பல்கள் மூடவில்லை. அவை யார் யாரோ தனிநபர் கணக்குகளுக்குப் பணம் அனுப்பச் சொல்கின்றன. "உன் அக்கவுண்டை வாடகைக்குக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறோம்" என்று கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்பது இதற்குத்தான். கணக்கு முடங்கும், போலீஸ் வீட்டு வாசலுக்கு வரும். பிள்ளைகளிடம் இதை இன்றே சொல்லுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை உண்டு. சம்பளம் வரும் கணக்கை யுபிஐ-யில் இணைக்காமல், கைச்செலவுக்குச் சிறு தொகை உள்ள வேறு கணக்கை இணையுங்கள். டெபிட் கார்டின் ஆன்லைன் பயன்பாட்டை வங்கிச் செயலியிலேயே நிறுத்தி வைக்கலாம். அத்தாவின் போன் பின் எண் பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை. மன உளைச்சல் இருந்தால் 14416 என்ற இலவச எண்ணில் பேசலாம். பண மோசடி நடந்தால் தாமதிக்காமல் 1930.

இப்படிப் பாதிக்கப்பட்ட வீடுகளுக்கு நாங்களும் உதவியை ரொக்கமாகக் கொடுப்பதில்லை. கட்டணத்தைப் பள்ளியிலும், வாடகையை வீட்டுக்காரரிடமும் நேராகக் கட்டிவிடுகிறோம். சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. காரணம் இதுதான், தவறாக நினைக்க வேண்டாம்.