சாயநீரும் மீன் சோதனையும்

சாயப்பட்டறைக் கழிவுநீரின் நிறம் நீங்கிவிட்டால் நஞ்சும் நீங்கிற்றென்று அங்கத்தினர் பலர் கருதுகின்றனர். தணிக்கைக்குச் செல்லுமிடமெல்லாம் நாம் இதைக் கேட்கிறோம். நிறம் கண்ணுக்குத் தெரியும்; கரைந்த உப்பும் உலோகமும் தெரியா.

1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் 1993-இல் சேர்ந்த பொது அளவுகள் இதற்கொரு சோதனையை விதித்துள்ளன. ஓடையில் விடப்படும் கழிவுநீரில், நல்ல நீர் சிறிதும் கலவாமல், மீன்களை விட வேண்டும். 96 மணி நேரத்திற்குப் பின் 100-க்கு 90 மீன்கள் உயிருடனிருக்க வேண்டும். பல பொருள்கள் கூடி விளைக்கும் நஞ்சு இரசாயனப் பகுப்பில் தப்பலாம், மீனுக்குத் தப்பாது. மீனிடம் சிபாரிசும் செல்லாது.

ஆயினும் மீன் பிழைத்ததென்று உழவர் நிறைவு கொள்வதற்கில்லை. நான்கு நாள் சோதனை, ஆண்டுக்கணக்கில் மண்ணில் படியும் உப்பைக் காட்டாது. இதற்கு நொய்யலாறே சான்று. பாசனத்திற்கென 1992-இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயநீர் தேங்கி, வயலுக்கு ஆகாததாயிற்று. வழக்குகள் எழுந்தன. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. முன்பு விளைச்சலை இழந்தவர் உழவர். பின்பு வேலையை இழந்தவர் பட்டறைத் தொழிலாளர்.

ஆதலின் நூலுக்குச் சாயமேற்றக் கொடுக்கும் சங்கங்கள், பட்டறையிடம் மீன் சோதனைச் சான்றையும் கரைந்த உப்பின் அளவையும் சேர்த்தே கேட்க வேண்டும். பின்னதற்கு லிட்டருக்கு 2100 மில்லிகிராம் வரம்பாகும். மாதிரி நீரை, ஓடையில் கலந்தபின் எடாது, வடிகால் வாயிலேயே, உழவர் ஒருவர் உடனிருக்க எடுப்பது நலம்.