சூரியனைக் கடலுக்கு இறக்கும் கருவி

கப்பல் தளத்தில் நின்று கோணம் அளப்பது லேசான காரியமல்ல. தளம் ஆடும், ஆளும் ஆடுவார். சூரியனைக் கண்ணில் பிடித்தால் அடிவானம் நழுவிவிடும். செக்ஸ்டன்ட் இந்தச் சிக்கலை இரண்டு கண்ணாடிகளால் தீர்க்கிறது. ஒன்று, நகரும் தண்டின்மேல் இருக்கும். மற்றொன்றில் பாதிக்குத்தான் ரசம் பூசியிருக்கும். மறுபாதி வழியே அடிவானம் நேராகத் தெரியும். தண்டை நகர்த்த நகர்த்த, சூரியனின் பிம்பம் இறங்கிவந்து கடலைத் தொடும். இரண்டும் ஒரே காட்சியில் இருப்பதால், கப்பல் ஆடினாலும் சேர்ந்தே ஆடும். 1731-ல் ஜான் ஹாட்லி லண்டனில் முன்வைத்த கருவியிலிருந்து வளர்ந்தது இது.

பழகுபவர் முதலில் பழக்க வேண்டியது மணிக்கட்டை. கருவி சற்றே சாய்ந்தாலும் கோணம் கூடுதலாகக் காட்டும். அதனால் இடவலமாக மெல்ல அசைக்க வேண்டும். சூரியன் ஒரு வளைவில் ஊசலாடும். அந்த வளைவின் அடியில், சூரியனின் கீழ்விளிம்பு கடலை உரசும்போது கிடைப்பதே சரியான அளவு. பாகையில் அறுபதில் ஒரு பங்கு பிசகினால் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர், பிசகும். கீழ்விளிம்பை அளந்துவிட்டு, சூரியனின் ஆரத்தைக் கூட்ட மறந்தால் 16 மைல் போயிற்று!

நண்பகலில் சூரியன் உச்சம் தொடும் உயரமும் கடற்பஞ்சாங்கமும் இருந்தால் அட்சரேகை கிடைத்துவிடும். தீர்க்கரேகைக்குக் கடிகாரமும் வேண்டும். நிலநடுக்கோட்டில் 4 விநாடி தவறினால் ஒரு கடல் மைல் தவறும்.

இந்தக் கலையின் உச்சம் என்று நான் கருதுவது 1916-ல் நடந்தது. அன்டார்க்டிகாவை ஒட்டிய எலிஃபன்ட் தீவிலிருந்து, துருவப் பயணத் தலைவர் ஷாக்கிள்டனும் அவர் குழுவினர் ஐந்து பேரும் ஒரு சிறு படகில் தெற்கு ஜார்ஜியாவுக்குக் கிளம்பினார்கள். ஏறத்தாழ 800 கடல் மைல். வழிகாட்டி ஃபிராங்க் வோர்ஸ்லி. மேகம் விலகி அவர் சூரியனைப் பிடித்தது விரல்விட்டு எண்ணும் தடவைகளே. இரண்டு பேர் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, அவர் குரல் கொடுத்ததும் ஷாக்கிள்டன் கித்தானுக்கு அடியில் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்தார். தன் கணக்கில் பத்து மைல் பிழை இருக்கக்கூடும் என்று வோர்ஸ்லி சொல்லிவிட்டார். தீவின் முனையைக் குறிவைத்துத் தவறினால் பெருங்கடல்தான். எனவே தவறவிட முடியாத மேற்குக் கரையை நோக்கிப் படகைச் செலுத்தினார்கள். மே 10 அன்று கரை சேர்ந்தார்கள். அளவைப் போலவே அதன் பிழையையும் அறிந்திருந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது. ஜிபிஎஸ் திரையின் ஒற்றைப் புள்ளியை மட்டும் பார்த்துப் பழகியவருக்கு இந்த அறிவு எளிதில் வராது.

ஜிபிஎஸ் சமிக்ஞையைக் குலைக்கவும் முடியும், போலியாக அனுப்பவும் முடியும். அமெரிக்கக் கடற்படைக் கல்விக்கழகம் தான் கைவிட்டிருந்த, வானைப் பார்த்து வழியறியும் பாடத்தை 2015-ல் மீண்டும் கொண்டுவந்தது.

கடலுக்குப் போகாமலும் பழகலாம். காற்றுப் படாத மொட்டைமாடி மூலையில் ஒரு தட்டில் எண்ணெய் ஊற்றுங்கள். எண்ணெயில் தெரியும் சூரியன்மேல் கருவி இறக்கும் சூரியனைப் பொருத்தி, வரும் கோணத்தைப் பாதியாக்குங்கள். கருவி 120 பாகை வரைதான் அளக்கும் என்பதால், சென்னையில் நண்பகல் சூரியனைப் பிடிக்க மார்கழியே ஏற்ற காலம். டிசம்பர் 25-ல் சுமார் 12:09 மணிக்குச் சூரியன் உச்சத்தில் இருக்கும். கருவி ஏறக்குறைய 107 பாகை காட்ட வேண்டும். இரண்டு பிம்பங்களுக்கும் கருவியின் கறுப்புக் கண்ணாடிகளைப் போட்ட பிறகே கண்ணை வையுங்கள்.