வீட்டு ஆமை: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

மும்பையில் வீட்டுத் தொட்டிகளில் வளரும் ஆமைகளில் பெரும்பாலானவை ‘ரெட் இயர்டு ஸ்லைடர்’ எனப்படும் செங்காது ஆமைகள். கண்ணுக்குப் பின்னால் இருபுறமும் ஓடும் சிவப்புப் பட்டைதான் அடையாளம். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை அதன் தாயகம். கிராஃபோர்டு மார்க்கெட் போன்ற இடங்களில் விற்பனைக்கு வரும்போது அது மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ‘இதற்குமேல் வளராது’ என்று சொல்லி விற்பதும் உண்டு. அது உண்மையல்ல. பெண் ஆமையின் ஓடு 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும். ஆண் சற்றுச் சிறியது, முன்கால் நகங்கள் நீண்டிருக்கும். ஒழுங்காகப் பராமரித்தால் முப்பது ஆண்டுகள்கூட வாழும். ஐந்தாம் வகுப்புப் பையன் அடம்பிடித்து வாங்கிய ஆமை, அவனுக்குக் கல்யாணமான பிறகும் அதே வீட்டில் இருக்கும்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது தமிழர் சொல்லிவந்த பழமொழி. மும்பையிலோ வாஸ்து பார்த்து, செல்வம் வரும் என்று கண்ணாடிக் கிண்ணத்தில் ஆமையை வைப்பவர்கள் பலர். இரண்டு நம்பிக்கையாலும் ஆமைக்கு நன்மையில்லை.

எந்த ஆமையை வைத்திருக்கக் கூடாது என்பதைச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. ஓட்டில் மஞ்சள் நட்சத்திரக் கோலம் உள்ள நட்சத்திர ஆமை, குளங்களிலும் கிணறுகளிலும் காணப்படும் பாலாமை ஆகிய இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. நட்சத்திர ஆமை முன்பு நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதை முதல் அட்டவணைக்கு உயர்த்தியது. அத்திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இவ்வகை விலங்குகள் தொடர்பான குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். தானாக வீட்டுக்கு வந்தது, யாரோ பரிசாகக் கொடுத்தது என்பதெல்லாம் அனுமதி ஆகாது. செங்காது ஆமை இந்திய உயிரினம் அல்ல, அது இந்த அட்டவணைகளில் இல்லை. ஆனாலும் கடைக்கு வரும் குஞ்சுகள் எல்லாம் நேர்வழியில் வந்தவை என்று சொல்லிவிட முடியாது. சென்னை, திருச்சி விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டிகளிலிருந்து செங்காது ஆமைக் குஞ்சுகளைச் சுங்கத் துறையினர் பலமுறை கைப்பற்றியிருக்கிறார்கள்.

வாங்கியாகிவிட்டது என்றால் முதல் கேள்வி இடம். ஓட்டின் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்பவர்கள் பின்பற்றும் கணக்கு. பத்து அங்குலம் வளர்ந்த பெண் ஆமைக்கு 400 லிட்டர் வேண்டும். தண்ணீர் மட்டுமே 400 கிலோ. கண்ணாடியும் ஸ்டாண்டும் தனி. செம்பூர் திலக் நகரில் அரசு வீட்டுவசதி வாரியமான மாடாவின் காலனி வீடுகள் போன்ற சிறிய வீட்டில் அது ஒரு கட்டிலின் இடத்தைப் பிடித்துவிடும். பழைய கட்டடத்தின் பால்கனியில் அவ்வளவு எடையை ஏற்றுவது ஆபத்து. கடையில் ஆமையோடு சேர்த்துத் தருகிற, நடுவில் பிளாஸ்டிக் தென்னைமரம் நிற்கும் தட்டு எந்த வயது ஆமைக்கும் உதவாது.

தண்ணீரின் ஆழம் ஓட்டின் நீளத்தைவிடக் கூடுதலாக இருந்தால்தான் கவிழ்ந்த ஆமை புரண்டு நிமிர முடியும். ஆமை மீனைவிட அதிகம் கழிவு போடும். அதனால் தொட்டியின் கொள்ளளவைப் போல இரு மடங்குக்கான ஃபில்டர் நல்லது. மாநகராட்சிக் குழாய் நீரில் குளோரின் இருக்கும். காலையில் தண்ணீர் வரும் நேரத்திலேயே பக்கெட்டில் பிடித்து, ஒரு நாள் திறந்து வைத்திருந்து மாற்றலாம். அடியில் சின்னக் கூழாங்கல் போடக் கூடாது. ஆமை அதை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும்.

பலர் கோட்டைவிடுவது வெயிலில்தான். செங்காது ஆமை குளிர் ரத்தப் பிராணி. உடலைச் சூடேற்ற அது தினமும் தண்ணீரை விட்டு மேலேறி முழுதாக உலர வேண்டும். அந்த மேடையின் சூடு 30 முதல் 32 டிகிரி செல்சியஸ், தண்ணீர் 24 முதல் 28 டிகிரி. மும்பையில் ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. ஜனவரி இரவுகளிலும் ஏ.சி. ஓடும் அறையிலும் மட்டும் கவனம் வேண்டும். சூட்டைப் போலவே முக்கியமானது புற ஊதா பி (யு.வி.பி.) கதிர். அது தோலில் படும்போதுதான் வைட்டமின் டி உருவாகி, உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து ஓட்டிலும் எலும்பிலும் சேரும். ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். எனவே மூடிய ஜன்னலோரம் வெளிச்சம் நிறைய விழுந்தாலும் பயனில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் வெயிலை எதிர்பார்க்க முடியாது. அந்த நான்கு மாதத்துக்காவது யு.வி.பி. விளக்கு வேண்டும். எரிந்துகொண்டிருந்தாலும் விளக்கின் கதிர்வீச்சு நாளடைவில் குறைந்துவிடும் என்பதால், தயாரிப்பாளர் சொல்லும் காலக்கெடுவில் மாற்ற வேண்டும். இந்தக் கதிர் கிடைக்காத ஆமையின் ஓடு மெத்தென்று ஆகிக் கோணலாக வளரும். கோணிய ஓடு பிறகு நேராவதில்லை.

செங்காது ஆமை தண்ணீருக்குள் இருந்தால்தான் விழுங்கும். குஞ்சுக்குப் புழு, சிறு மீன் போன்ற புலால் அதிகம் தேவை. வளர வளரக் கீரையும் நீர்த்தாவரமும் பாதிக்குமேல் இருக்க வேண்டும். தரமான பெல்லட், பூசணி, கேரட், முழுதாகப் போட்ட சிறு மீன் ஆகியவை நல்லவை. கடித்துத் தின்னக் கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்றைத் தொட்டியில் போட்டுவைக்கலாம். பாலக் கீரையைத் தினமும் போடக் கூடாது. அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும். டப்பாவில் விற்கும் காய்ந்த இறால் மட்டும் போதாது. சாதம், பால், பிஸ்கெட், பிரெட் வேண்டவே வேண்டாம். பெரிய ஆமைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் உணவு போதும். ஆளைக் கண்டதும் நீந்தி வந்து கெஞ்சுவது அதன் சுபாவம். அதை நம்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் கொழுத்துவிடும்.

கண் வீங்கி மூடியிருந்தால் பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவோ அழுக்குத் தண்ணீரோ காரணம். ஒருபக்கமாகச் சாய்ந்து மிதப்பதும் மூக்கில் குமிழி வருவதும் நிமோனியாவின் அறிகுறிகள். உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஆண் துணை இல்லாமலும் பெண் ஆமை முட்டையிடும். மண் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கிவைத்து உயிருக்கு ஆபத்தாகலாம். நாய், பூனை பார்க்கும் மருத்துவர் எல்லோருக்கும் ஆமை வைத்தியம் தெரியாது. கேட்டுவிட்டுப் போவது நல்லது.

ஆமையின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஆமைக்கு ஒன்றும் செய்யாது, குழந்தைக்குக் கடும் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரவைக்கும். இதனால்தான் அமெரிக்கா 1975இல் நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளின் விற்பனைக்குத் தடை போட்டது. தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. இன்னொன்று: ஆமையின் ஓட்டுக்கும் உணர்ச்சி உண்டு. முதுகெலும்பும் விலாவும் அதோடு ஒட்டியவை. அதில் பெயிண்ட் அடிப்பது கொடுமை.

வைத்துக்கொள்ள முடியாமல் போனால் பவாய் ஏரியிலோ செம்பூர் சராய் குளத்திலோ விடுவது மிகப் பெரிய தவறு. உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் செங்காது ஆமையும் உண்டு. நம் ஊர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். இதற்கு அஞ்சியே ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் அதன் இறக்குமதியை நிறுத்தியது. வளர்க்கத் தெரிந்த வேறொருவரிடமோ விலங்கு நல அமைப்பிடமோ ஒப்படைப்பதே சரி. நட்சத்திர ஆமையோ பாலாமையோ வீட்டில் இருந்தால் மகாராஷ்டிர வனத்துறையின் கட்டணமில்லா எண் 1926க்குச் சொல்ல வேண்டும்.