கையகப்படுத்திய நிலம் கைமாறினால் விவசாயிக்குப் பங்கு உண்டா?

புது தில்லி: கால்பந்து வீரர் ஒருவரை விற்கும் சிறிய கிளப், பின்னாளில் அவர் பெரும் விலைக்குப் போனால் தனக்கும் பங்கு வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்கிறது. தொழிற்சாலைக்கு நிலம் கொடுத்த விவசாயிக்கும் ஏறத்தாழ அதே உரிமையை 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் அளித்துள்ளது. ஆனால், ஏட்டிலுள்ள இந்த உரிமை நடைமுறையில் எட்டாமல் போவது ஏன் என்பதை ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் அனுபவம் காட்டுகிறது.

கால்பந்து காட்டும் கணக்கு: ஐரோப்பியக் கால்பந்தில் இத்தகைய விதிகள் இரண்டு. முதலாவது, மறுவிற்பனைப் பங்கு. ரஹீம் ஸ்டெர்லிங்கைச் சிறுவனாக 2010இல் லிவர்பூலுக்கு விற்ற குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப், அடுத்த விற்பனையில் 20 சதவீதம் தனக்கு என்று விதி வைத்தது. 2015இல் மான்செஸ்டர் சிட்டி சுமார் 4.9 கோடி பவுண்டுக்கு அவரை வாங்கியபோது, பழைய கிளப்புக்கும் பெரும் தொகை சேர்ந்தது.

இந்தப் பங்கு மொத்த விலையிலா, கூடுதல் விலையிலா என்பது முக்கியம். 10 கோடிக்கு விற்ற வீரர் 50 கோடிக்குப் போனால், மொத்த விலையில் 20 சதவீதம் என்பது 10 கோடி. கூடுதல் விலையில் 20 சதவீதம் என்பது 8 கோடி.

இரண்டாவது, திரும்ப வாங்கும் உரிமை. அல்வாரோ மொராட்டாவை 2014இல் யுவென்டசுக்கு 2 கோடி யூரோவுக்கு விற்ற ரியல் மாட்ரிட், இந்த உரிமையைப் பயன்படுத்தி 2016இல் 3 கோடி யூரோவுக்குத் திரும்ப வாங்கியது. அடுத்த ஆண்டே அதைப்போல் இரு மடங்குக்கும் மேலான விலையில் செல்சிக்கு விற்றது.

பேரம் பேச வலுவில்லாத பயிற்சிக் கிளப்புகளையும் ஃபிஃபா கைவிடவில்லை. நாடு விட்டு நாடு செல்லும் வீரரின் விற்பனைத் தொகையில் 5 சதவீதம், 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்குச் சேர வேண்டும் என்பது அதன் விதி.

சட்டம் சொல்வது: நிலச் சட்டத்திலும் இதே இரண்டு விதிகள் உள்ளன. 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள அச்சட்டத்தின் 101ஆவது பிரிவின்படி, கையகப்படுத்திய நிலம் 5 ஆண்டுகள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால், அது உரிமையாளருக்கோ வாரிசுகளுக்கோ, "அல்லது" அரசின் நில வங்கிக்கோ திரும்ப வேண்டும். 102ஆவது பிரிவின்படி, எந்த மேம்பாடும் செய்யாமல் 5 ஆண்டுகளுக்குள் நிலத்தை வேறொருவருக்கு விற்றால், உயர்ந்த மதிப்பில் 40 சதவீதம் பழைய உரிமையாளர்களுக்குச் சேரும்.

இதற்கு முன்பிருந்த 1894ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவற்றுக்கு இடமே இல்லை. கையகப்படுத்தி எஞ்சிய நிலத்தைப் பழைய உரிமையாளருக்குக் கொடுப்பதைவிடப் பொது ஏலத்தில் விற்பதே முறை என்று, கேரள வழக்கொன்றில் 1997இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

மன்னவரமும் எடமர்ரியும்: இன்றைய திருப்பதி மாவட்டத்தில், ஸ்ரீகாளஹஸ்தி அருகே உள்ளது மன்னவரம். மத்திய அரசு நிறுவனங்களான என்டிபிசி, பெல் ஆகியவை இணைந்து மின் சாதனத் தொழிற்சாலை அமைக்க அங்கு சுமார் 750 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் 2010 செப்டம்பர் 1இல் அடிக்கல் நாட்டினார். ரூ.6,000 கோடித் திட்டமாகப் பேசப்பட்ட அது, சொன்ன அளவுக்கு வளரவில்லை. கூட்டு நிறுவனத்திலிருந்து விலகும் முடிவுக்கும் என்டிபிசி பின்னர் வந்தது.

சித்தூர் மாவட்டம் எடமர்ரி, பங்காருபாளையம் பகுதியில் அமரராஜா குழும நிறுவனத்துக்கு 483 ஏக்கர் ஒதுக்கப்பட்டிருந்தது. வாக்களித்த 20,000 வேலைவாய்ப்புகள் உருவாகவில்லை என்று கூறி, அதில் 253 ஏக்கரைத் திரும்ப எடுக்க ஒய்எஸ்ஆர் காங்கிரஸ் அரசு 2021 ஜூனில் ஆணையிட்டது. அந்தக் குழுமம், அன்று தெலுங்கு தேசம் எம்.பி.யாக இருந்த கல்லா ஜெயதேவின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் ஆணை அரசியல் சர்ச்சையானது. உயர் நீதிமன்றம் அதனை இடைக்காலமாக நிறுத்தி வைத்தது.

இங்கே திரும்பப் பெறும் உரிமை அரசிடமே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. நிலத்தை ஒதுக்கிய அரசும் அதைப் பெற்ற நிறுவனமுமே வழக்கின் தரப்பினர். ஒதுக்கீட்டு நிபந்தனை மீறப்பட்டால் நிலம் செல்லும் இடம் அரசின் தொழில் உள்கட்டமைப்புக் கழகம். அதற்கும் முன்பு யார் அந்த மண்ணில் உழுதார்கள் என்ற கேள்வி அந்த நிபந்தனையில் எழுவதில்லை.

ஓட்டைகள் எங்கே?: பிரிவு 101இல் உள்ள "அல்லது" என்ற ஒரு சொல், நிலத்தை நில வங்கியிலேயே வைத்துக்கொள்ள அரசுக்கு வழிவிடுகிறது. பிரிவு 102இன் பங்கு முதல் விற்பனைக்கு மட்டுமே உரியது; ஆறாம் ஆண்டில் விற்றால் அதுவும் இல்லை. "மேம்பாடு" எது என்பதும் வாதத்துக்குரியது. சுற்றுச்சுவரும் சாலையும் போதும் என்று வாதிட இடமுண்டு. இவை அனைத்தும் புதிய சட்டத்தின்கீழ் எடுத்த நிலத்துக்கே பொருந்தும். மன்னவரம் திட்டமும், 2008இல் தொடங்கிய சத்தியவேடு வட்டார ஸ்ரீசிட்டியும் பழைய சட்டக் காலத்தவை.

திட்டத்துக்குக் குறித்த காலம், 5 ஆண்டுகள் ஆகியவற்றில் எது பிந்தியதோ அதுவே கெடு என்று 101ஆவது பிரிவைத் தளர்த்த 2014 டிசம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. எதிர்ப்பின் காரணமாக அது 2015 ஆகஸ்டில் காலாவதியாக விடப்பட்டது.

தமிழகத்தின் நிலையும் வேறல்ல. சிப்காட்டுக்கு நிலம் எடுக்கப் பயன்படும் 1997ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளிட்ட 3 மாநிலச் சட்டங்களுக்குப் புதிய சட்டத்திலிருந்து விலக்கு பெறப்பட்டது. இழப்பீடு, மறுவாழ்வு விதிகள் மட்டும் பொருந்தும். இந்த ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் ஏற்றுக்கொண்டது.

அரசு மனம்வைத்தால் வழியுண்டு என்பதற்குச் சத்தீஸ்கர் சான்று. பஸ்தரின் லோஹண்டிகுடாவில் டாடா உருக்காலை வராத நிலையில், 1,707 விவசாயிகளுக்கு நிலம் 2019இல் திரும்ப அளிக்கப்பட்டது. அது பழைய சட்டத்தில் எடுத்த நிலம்தான்.

கால்பந்தில் சிறிய கிளப்பின் பங்கு ஒப்பந்தத்திலேயே அதன் பெயரில் எழுதப்படுகிறது. வாங்கியவர் மறுத்தால் அது வழக்குத் தொடுக்கலாம். தொழில் நிறுவனங்களுக்கு அரசு எழுதிக்கொடுக்கும் ஒதுக்கீட்டுப் பத்திரத்திலும் பழைய உரிமையாளரின் பெயரும் பங்கும் இடம்பெற வேண்டும். அதற்கு நாடாளுமன்றத்தின் புதிய சட்டம் தேவையில்லை. மாநில அரசுகள் மனம்வைத்தால் போதும்.