வேடந்தாங்கலில் தண்ணீர் வந்துவிட்டதா?

தீபாவளி கழிந்ததும் சென்னையில் பறவை பார்ப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்கும் கேள்வி இது. ஏரி நிரம்பினால்தான் பறவை தங்கும். 80 கிலோமீட்டர் போய், வெடித்த சேற்றைப் பார்த்துத் திரும்பியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இப்போது விடை வானத்திலிருந்தே கிடைக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சில நாள்களுக்கு ஒருமுறை நம் ஏரிகளைப் படமெடுக்கின்றன. காசில்லை, யாரும் பார்க்கலாம். படத்தின் ஒரு புள்ளி, தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள வேடந்தாங்கல் ஏரி அதில் 3,000 புள்ளிகள்தான். அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும், இலைதழை திருப்பி அனுப்பும். இந்த வித்தியாசத்தை வைத்தே கணினி நீரைப் பிரித்தறிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்தால் சென்டினல்-1இன் ரேடார் கைகொடுக்கும். அந்த அலை மேகத்தைத் துளைத்து இறங்கி, அசையாத நீரில் பட்டு வேறு பக்கம் தெறித்துவிடும். அதனால் ஏரி கறுப்பாகத் தெரியும்.

இதெல்லாம் வெறும் வேடிக்கை இல்லை. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இஸ்ரோ தயாரித்த ஈரநில வரைபடத் தொகுப்பு, 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 ஈரநிலங்களைப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் உள்ளவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனைபோட்டு விற்ற பிறகு ‘இங்கே ஏது ஏரி?’ என்று கேட்பவர்களுக்கு முன்னால் வைக்க ஒரு படமாவது இருக்கிறது.

ஆனால் வேடந்தாங்கலில் செயற்கைக்கோளின் கண் கொஞ்சம் ஏமாறும். ஏரிக்குள்ளேயே நிற்கும் நீர்க்கடம்பு மரங்களின் தழைதான் அதற்குத் தெரியும், அடியில் உள்ள நீர் தெரியாது. நாரைகள் கூடுகட்டுவதோ அந்த மரங்களில்தான். ஆகவே கரையில் ஆள் நிற்க வேண்டும்.

அந்த ஆளின் கையில் இருப்பது இ-பேர்ட் செயலி. இ-பேர்ட் தளத்தை அமெரிக்காவின் கார்னல் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கியது. எத்தனை நிமிடம் நின்றோம், எவ்வளவு தூரம் நடந்தோம், நத்தைகுத்தி நாரை எத்தனை, கரண்டிவாயன் எத்தனை என்று பதிந்துகொண்டே வந்தால், முடிவில் ஒரு கேள்வி: அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? பலர் யோசிக்காமல் தாண்டிப்போகும் இந்தக் கேள்விதான் விஷயமே. ‘ஆம்’ என்றால், பட்டியலில் இல்லாத பறவை அன்று கண்ணில் படவில்லை என்பதும் தகவலாகிவிடும். ஆண்டுகள் சேரச் சேர, எது குறைகிறது என்று புலப்படும். எந்த மாதம் போனால் எதைப் பார்க்கலாம் என்று பயணி தெரிந்துகொள்வதும் இதே பதிவுகளிலிருந்துதான்.

இதிலொரு வில்லங்கமும் உண்டு. ஆபத்திலுள்ள சில இனங்களின் இருப்பிடத்தை இ-பேர்ட் மறைத்துவைக்கிறது. நம் வாட்ஸ்அப் குழுக்கள் மறைப்பதில்லை. கூட்டின் படத்தோடு இடத்தையும் போட்டால் அடுத்த ஞாயிறே அங்கே கேமராக் கூட்டம். டிரோன் பறந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னும் எந்தச் செயலியிலும் ஏறாதது ஊரின் கதை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டவர்கள் இவ்வூரார். துப்பாக்கியோடு வந்த வெள்ளைக்காரர்களைத் தடுக்கச் சொல்லி செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் உரிமைப் பத்திரம் வாங்கினார்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்காமலிருப்பது இன்றும் வழக்கம். ஈரநிலங்களுக்கான சர்வதேச அங்கீகாரமாக 2022இல் வந்த ராம்சர் பட்டயத்துக்கு வெகு காலம் முந்தியது இந்தக் காவல். முதியவர்கள் சொல்வதைப் போனில் பதிந்துவைக்க அரைநாள் போதும். பறவையைப் படமெடுக்க வருபவர்கள் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

மேகம் கவிந்த நாள்களில் நான் ரேடார் படத்தைப் பார்த்துவிட்டு, ஏரிக்கரைப் பக்கத்து டீக்கடைக்கும் ஒரு போன் போடுவேன். “கலங்கல் வரைக்கும் தண்ணி ஏறிடுச்சு சார். நத்தைகுத்தி சுள்ளி பொறுக்க ஆரம்பிச்சிடுச்சு, கெளம்பி வாங்க.”