நிற்கையிற் குளிராத மோட்டார் வண்டி

பழைய மோட்டார் வண்டிகளின் குளிரூட்டியைப் பற்றிப் பலரும் கூறும் குறையொன்று உண்டு. வண்டி வீதியில் விரைந்து செல்லும்போது உள்ளே நல்ல குளிர் நிலவும். புகையிரதக் கடவையிலோ சந்தையடி நெரிசலிலோ ஐந்து நிமிடம் நின்றுவிட்டால், குளிர் வந்த துவாரங்களிலிருந்தே வெம்மையான காற்று வரத் தொடங்கும். வண்டி மீண்டும் ஓடியதும் குளிர் திரும்பும். இதனைக் கேட்டவுடன் காஸ் குறைந்துவிட்டது எனக் கூறி நிரப்பி அனுப்புதல் வழக்கமாகிவிட்டது. நிரப்பியும் குறை தீராது. சில வேளை அதனால் வேறொரு பெருஞ்செலவும் வந்து சேரும். ஆராய்ந்து பார்ப்பின், குற்றம் பெரும்பாலும் வாயுவிலன்றி, வண்டியின் முகப்பிலுள்ள சிறு மின்விசிறியிலேயே காணப்படும். 2020ஆம் ஆண்டிலிருந்து 2025ஆம் ஆண்டுவரை இலங்கையில் மோட்டார்க் கார் இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால், இருபது முப்பது ஆண்டுகள் ஓடிய யப்பானிய வண்டிகளைப் பேணி வைத்திருப்போர் இங்கே பலராவர். அவர்களுக்கு இது சிறு விடயமன்று.

குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகின்றது. ஆர்-134அ எனப்படும் குளிர்பொருள் சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் −26 பாகை செல்சியசிற் கொதிப்பது. அது ஆசனப் பகுதியின் வெப்பத்தை வாங்கி ஆவியாகின்றது. கொம்பிறசர் எனப்படும் அமுக்கி அவ்வாவியை அழுத்தி, இறேடியேற்றருக்கு முன்னே நிற்கும் ஒடுக்கிக்குள் செலுத்துகின்றது. அங்கே அது வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாக வேண்டும். 40 பாகையில் அது திரவமாவதற்கு வளிமண்டல அமுக்கத்தைப்போல 10 மடங்கு அமுக்கம் போதும். 60 பாகையில் 16 மடங்குக்கு மேலும், 70 பாகையில் ஏறத்தாழ 21 மடங்கும் வேண்டும். ஒடுக்கி சூடேறும் அளவுக்கு அமுக்கி படும் பாடும் ஏறுகின்றது என்பது இதனாற் புலனாகும்.

வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ஒடுக்கியைக் குளிர்விக்கும். விசிறி சுழலாவிடினும் குறை வெளித்தெரியாது. நின்றவிடத்து விசிறியன்றி வேறு துணையில்லை. அது சுழலாதாயின் அமுக்கம் ஏறிக்கொண்டே சென்று, 30 மடங்களவில் பாதுகாப்பு ஆளி அமுக்கியை நிறுத்திவிடும். அவ்வாளியும் பழுதுற்ற பழைய வண்டிகளில் அமுக்கியே நோவு தாங்கும். இந்நிலையில் மேலும் வாயு நிரப்புதல் எரிகின்ற அடுப்புக்கு விறகிடுதல் போன்றது. மிகையான திரவம் ஒடுக்கியின் குழாய்களில் இடம்பிடித்து, வெப்பம் வெளியேறும் பரப்பைக் குறைத்து, அமுக்கத்தை மேலும் ஏற்றும்.

ஐயத்தைத் தீர்க்க எளிய சோதனையொன்று உண்டு. நிற்கும் வண்டியிற் குளிரூட்டியை இயக்கி, காற்று வெம்மையானதும், முகப்புக் கம்பிகளினூடாக ஒடுக்கியின்மேல் மட்டும் சிறிது நீரைத் தூவுதல் வேண்டும். சூடான இயந்திரத்தின்மேல் நீர் படலாகாது. உடனே குளிர் திரும்புமாயின் வாயுவும் அமுக்கியும் நன்றாயுள்ளன. ஒடுக்கி வெப்பத்தைக் கழிக்கவியலாதிருப்பதே குறை. திரும்பாவிடின் வாயுக் குறைவையோ தேய்ந்த அமுக்கியையோ தேடலாம்.

விசிறியை அணுகுமுன் ஓர் எச்சரிக்கை. இயந்திரம் நின்றிருந்தாலும் மின்விசிறி தானே சுழலக்கூடும், விரலிழந்தோர் உளர். ஆதலின் பற்றரியின் மறைமுனை வயரைக் கழற்றிய பின்னரே இதழ்களைக் கையாற் சுழற்றிப் பார்த்தல் தகும். கடினமாகச் சுழலின் தாங்கி பழுதுற்றிருக்கும். பின்னர் விசிறியின் செருகியைப் பிரித்து, உருகி பொருத்திய வயரால் பற்றரியிலிருந்து நேரே மின்னூட்டினால் அது சுழல வேண்டும். சுழலாத விசிறியின் பின்புறத்தை மரத்தடியால் மெல்லத் தட்டியதும் அது ஓடத்தொடங்கின், உள்ளிருக்கும் கரித்தூரிகைகள் தேய்ந்துவிட்டன என்பது பொருள். அன்று ஓடியதைக் கண்டு மகிழ்ந்து திரும்புவோர் அடுத்த கிழமை நடுவழியில் நிற்பர்.

மோட்டார் நன்றாயின் உருகி, றிலே, ஆளி என்னும் மூன்றையும் பார்த்தல் வேண்டும். எரிந்த உருகிக்குப் பதிலாகப் பெரிய உருகியிடுதல் வயரையே உருகியாக்குதலாகும். றிலேயை அதே எண்ணும் அதே முனையமைப்பும் கொண்ட மற்றொன்றோடு மாற்றிப் பார்க்கலாம். 1990களின் ரொயோட்டா வண்டிகள் பலவற்றில் இறேடியேற்றரின் வெப்ப ஆளி குளிர்ந்திருக்கையில் இணைந்தும் சூடேறியதும் பிரிந்தும் இயங்குவது. அதன் செருகியைக் கழற்றினால் விசிறி சுழலும். வேறு பல வண்டிகளில் இரு முனைகளையும் இணைத்தாலே சுழலும். இவ்வேற்றுமையறியாது நல்ல ஆளியை எறிந்தோர் பலர்.

இரண்டு விசிறிகளுள்ள சில யப்பானிய வண்டிகளில் வேறொரு புதிரும் உண்டு. மெல்லச் சுழல வேண்டியபோது இரண்டும் தொடராக இணைக்கப்பட்டு, மின்னழுத்தத்தைத் தம்முட் பங்கிட்டுக்கொள்ளும். அவற்றுள் ஒரு மோட்டாரின் சுற்று அறுந்தாற்கூட இரண்டுமே நின்றுவிடும். நின்ற இரண்டையும் மாற்றத் துணிவதற்கு முன் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தல் நன்று.

இவற்றிலெல்லாம் கண்ணுக்குத் தப்புவது துருவேறிய செருகியும் புவித்தொடுப்புமாம். கழற்றிய செருகியில் உவோற்றுமானி 12 உவோற்றுக் காட்டும். மின் வருகின்றது என்று கருதிவிடுவர். மானி பெறும் மின்னோட்டம் மிகச் சிறிதாகையால் துருவின் தடை அப்போது வெளிப்படாது. விசிறி 10 அம்பியரை இழுக்கும்போது 0.3 ஓம் தடையே 3 உவோற்றை விழுங்கிவிடும். அவ்விடத்திற் பிறக்கும் 30 உவாற்று வெப்பம் செருகியின் பிளாத்திக்கை உருக்கும். விசிறியோ சுழலும், ஆயினும் சோம்பிச் சுழலும். ஆகவே விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அளத்தல் வேண்டும். பற்றரியின் மறைமுனைக்கும் விசிறியின் மறை வயருக்கும் இடையே அரை உவோற்றுக்கு மேற் காட்டின் புவித்தொடுப்பைச் சுரண்டித் துப்புரவாக்கி இறுக்குதல் வேண்டும், நேர்ப்பக்கமும் அவ்வாறே.

1990களின் முற்பகுதிக்கு முந்திய வண்டிகளிற் பெரும்பாலும் ஆர்-12 என்னும் குளிர்பொருளே இருந்தது. ஓசோன் படையைக் காக்க 1987ஆம் ஆண்டில் மொன்றியல் உடன்படிக்கை எழுந்தபின் அது கைவிடப்பட்டது. அவ்வண்டிகளை ஆர்-134அவுக்கு மாற்றும்போது பழைய ஒடுக்கியே பெரும்பாலும் விடப்பட்டது. புதிய பொருள் வெப்பநிலை ஏறியவிடத்துக் கூடிய அமுக்கத்தைக் காட்டுவதால் இத்தகைய வண்டிகளில் விசிறியின் சோம்பலை ஒரு நாளும் பொறுத்தலாகாது.

புதிய மோட்டார் பூட்டிய பின்னும் குளிர் வராவிடின், ஒரு கடதாசித் தாளை ஒடுக்கியின் முன்னே பிடித்துப் பார்க்கலாம். தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். முன்னே பறக்குமாயின் விசிறி எதிர்த்திசையிற் சுழன்று எதிர்க்காற்றோடு போராடுகின்றது. அதன் இரு வயர்களையும் இடம்மாற்றினால் அது சீராகும்.